கதவுக்கு மேலே அரையடி

கூடத்தில் ஒரு புதுக் கதவு சுவரில் சாய்ந்து நிற்கிறது. மேலே அரையடி அறுத்தெடுத்ததால் வீடெங்கும் பிளாஸ்டிக் பொசுங்கிய வாசனை. நாளை காலையில் மேஸ்திரி வந்து குளியலறையில் மாட்டிவிடுவார். நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன். எதற்கு இந்தப் பிரதட்சணம் என்று மனைவி கேட்டுவிட்டாள், நீங்களும் கேட்காதீர்கள்.

குளியலறையைப் புதுப்பிப்பது என்று முடிவானதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மகளுக்குக் கண்ணாடித் தடுப்பு, மனைவிக்கு ஈரம் தங்காத தரை, எனக்குச் சுவர் முழுக்கக் கைப்பிடி. நெய்யாற்றின்கரை டைல்ஸ் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையோடு கொண்டுபோன பாட்டில் தண்ணீரை ஒவ்வொரு டைல்ஸிலும் ஊற்றி ஏறி நின்று பார்த்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அண்ணா, நிக்கியது செரி. இங்கயே குளிச்சிர வேண்டாம்" என்றார்.

என் பயம் அவருக்குத் தெரியாது. போன மழைக்காலத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். வெகு நேரமாகியும் வெளியே வராததால் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் கதவை இடித்து உடைத்தோம். மணிக்கட்டு ஒடிந்து சுவரோரம் கிடந்தவள் என்னைப் பார்த்ததும் சொன்னது, "மொதல்ல தோர்த்த எடுத்துத் தா மக்கா. பொறவு தூக்கலாம்." எங்கள் ஊரில் தோர்த்து என்றால் மெல்லிய குளியல் துண்டு. மணிக்கட்டு சேர்ந்துவிட்டது. எனக்குத்தான் அதற்குப் பிறகு அம்மா குளிக்கப் போனாலே இருப்பு கொள்வதில்லை.

ஆகவே புதுக் கதவுக்குத் தாழ்ப்பாளே வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"கொண்டி இல்லாத குளிமுறியா? நல்ல கதையாக்கும். நான் குளிக்காம இருந்துக்கிடுவேன்."

"ஒங்களுக்கு வேண்டித்தானே அம்மா?"

"எனக்கு வேண்டின்னா எனக்கிட்ட கேக்கணும்."

கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள், "கொண்டி வேண்டாம்னா தோர்த்து போடுகதுக்கு எடம் வேணும். பண்டு கொண்டியா இருந்துது?"

அப்படிச் சொன்னதும் நாற்பது வருடத்துக்கு முந்தைய பாசியின் வாசனை மூக்கில் ஏறியது. பாறசாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் பழைய வீட்டில், கிணற்றோரம் ஓலை கட்டிய மறைப்புரை ஒன்று இருந்தது. அப்பா வீடும் இரண்டு சித்தப்பாக்களின் வீடும் அதில்தான் குளிக்க வேண்டும். கதவு கிடையாது. தோர்த்து ஓலைத்தட்டியின் மேல் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. ஆனால் மறந்துபோய் விட்டுப்போன தோர்த்தும் அங்கே கிடக்கும் என்பதால், வருகிறவர் தள்ளி நின்று "உண்டோ?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் "உண்டு" என்று சொல்ல வேண்டும். முகம் முழுக்கச் சோப்பு நுரை இருந்தாலும் சொல்லியாக வேண்டும், அவ்வளவு கறார்.

சின்னச் சித்தப்பா சபையின் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். ஒத்திகை எல்லாம் மறைப்புரையில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை மணி அடித்த பிறகும் பாட்டு முடியாது. "உண்டோ?" என்று கேட்டால் அதையும் அதே ராகத்தில் இழுத்து "உண்ண்ண்டு" என்பார். அம்மா சாம்பல் படிந்த கையோடு வந்து நின்று, "எலே, கர்த்தருக்குக் கேட்டாச்சு, எறங்கி வா" என்று அதட்டுவாள். எனக்கு இந்தக் காலைகள் பிடிக்கவே பிடிக்காது. ஆராதனைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ நேரமாகிவிடும் என்று காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பேன். தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை, எனக்கே எனக்கு, அதற்குள் யாரும் என்னைக் கூப்பிடக்கூடாது. அன்றைக்கு நான் கண்ட பெரிய கனவு அதுதான்.

அந்தக் கனவைத்தான் இந்த வீட்டில் கட்டினேன். நிலைவரை முட்டும் கதவு, சத்தம் வெளியே வராத சுவர். அதற்குள்தான் அம்மா விழுந்து கிடந்தாள். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

அம்மா தோர்த்து போடுவதற்காக மேஸ்திரியிடம் கதவின் மேலே அரையடி அறுக்கச் சொன்னபோது அவர் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். மகள், "அப்பா, இது பஸ் ஸ்டாண்டு பாத்ரூம் மாதிரி இருக்கும்" என்றாள். மனைவி, "உள்ள இருக்கிற சத்தம் எல்லாம் கூடத்துக்கு வருமே" என்றாள். வர வேண்டும் என்றேன்.

இப்போது கதவில்லாத குளியலறை வாசலில் கயிறு கட்டிப் போர்வை போட்டிருக்கிறோம். போர்வையின் மேல் அம்மாவின் தோர்த்து. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, சற்றுமுன் நின்றுவிட்டது.

சின்னச் சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பெரிய சித்தப்பாவின் பிள்ளைகள் வளைகுடாவில். கிணற்றை மூடி அதன் மேல் யாரோ கார் நிறுத்துகிறார்கள். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் இழந்தது வேறொன்று. அந்த நாட்களில் "உண்டோ?" என்று கேட்டுப் பதில் வராவிட்டால், ஆள் இல்லை என்று பயமில்லாமல் சந்தோஷமாக உள்ளே ஓடுவேன்.

போர்வைக்கு வெளியே வந்து நிற்கிறேன்.

"அம்மா, உண்டோ?"