பழகிப்போன மூக்கு

சேரப்பணஞ்சேரிக்கு வந்த புதிதில் தங்கமாரி முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் கோழிப்பண்ணைக்குள் நுழைவாள். மூன்றாம் மாதம் துண்டு தேவைப்படவில்லை. "இப்பல்லாம் நாத்தமே தெரியலம்மா" என்று தென்காசியிலிருந்த அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னாள். கணவன் கொம்பையாவுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. மூவாயிரம் கோழிகளுக்கும் கைக்குழந்தை சுகப்பிரியாவுக்கும் அவள் ஒருத்திதான்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவில்லை. புதிதாக இறக்கிய குஞ்சுகள் குளிரில் விறைத்துவிடாமல் இருக்க, கொட்டகையைச் சுற்றிப் படுதாவை இறக்கி பல்புகளைப் போட்டிருந்தாள். தரையில் போன தடவைக் கோழிகளின் எச்சம் ஊறிய உமி. அதன்மேல் கொஞ்சம் புது உமி. அவர்கள் தங்கியிருந்த அறையோ ஒழுகியது. குஞ்சுக்கு இதமான இடம் பிள்ளைக்கும் இதம்தானே என்று, பல்புச் சூட்டுக்கருகே பாய் விரித்துச் சுகப்பிரியாவைப் படுக்க வைத்தாள்.

காலையில் பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மீனம்மாள், படுதாவை விலக்கியதுமே பின்னால் துள்ளினாள்.

"இன்னாடி இது! கண்ணு எரியுது, தொண்ட அடைக்குது. இதுக்குள்ளயா கொயந்தையப் போட்டு வச்சிக்கீற?"

"என்னக்கா சொல்லுதிய? ஒண்ணும் நாறலயே."

"உன் மூக்கு செத்துப்பூட்ச்சுடி! என் வூட்டு முருங்கையப் பாரு, உன் கொட்டாப் பக்கம் எலையெல்லாம் கருகிக் கீது."

தங்கமாரி குனிந்தாள். குஞ்சுகள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. பாயில் பிள்ளையும் அப்படித்தான் கிடந்தது. மூச்சுக்கு மூச்சு விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

மழையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மருந்துப் புகை வைத்துக்கொண்டே டாக்டர் சொன்னார்: "எச்சம் ஈரமா மக்குனா அமோனியா வாயு வரும்மா. அது கிளம்புறதே தரையிலதான். பழகுன மூக்குக்குத் தெரியாது."

சாயங்காலம், மூச்சு சீரான பிள்ளையை மீனம்மாளிடம் விட்டுவிட்டு வந்து, படுதாக்களைச் சுருட்டினாள். ஈர உமியை வாரி வெளியே கொட்டினாள். பிறகு கொட்டகை நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. காலையிலும் இப்படித்தான் ஒன்றும் தெரியவில்லை.

மீனம்மாளின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "அக்கா, தெனம் ஒருக்கா வந்து மோந்து பாத்துச் சொல்லுதியளா?"

"தெனம் வந்தா என் மூக்கும் பூடும்டி" என்று மீனம்மாள் சிரித்தாள்.

தங்கமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.