வெறும் தட்டு

2003 ஆகஸ்ட் 5, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். ஒன்பதே முக்காலுக்கு வேங்கிக்கால் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். பதினொன்றுக்கு டீக்கடை. அங்கேதான் ஒரு முத்திரை ஆய்வாளரைச் சந்தித்தேன். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பவர். எடைக்கற்கள் நிறைந்த பையைச் சுமந்து சுமந்து அவருடைய வலது தோள் தாழ்ந்திருந்தது. டீ சொல்வதற்கு முன்பே, குனிந்து பக்கோடாத் தராசின் தட்டைப் பார்த்தார்.

"இன்னும் பக்கோடாவே வைக்கலீங்களே சார்," என்றார் கடைக்காரர்.

"வெச்சப்புறம் எல்லா தராசும் நல்ல தராசுதான்யா."

என் பையில் ஓர் அறிவியல் மாத இதழின் கடிதம் இருந்தது. ஆறு ஆண்டுகளாகத் திரும்பி வந்துகொண்டிருந்த என் கட்டுரைகளில் ஒன்றை முதன்முறையாக ஏற்றிருந்தார்கள். யாரிடமாவது காட்டத் தோன்றியது; கட்டுரையின் நகலை அவரிடம் கொடுத்தேன். வெளிநாட்டில், மின்சாரத்தில் இயங்கும் விண்கல எஞ்சினுக்குள் சிறிது அணுக்கரு இணைவை நிகழ்த்தி உந்துவிசையைக் கூட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன்.

முழுக்கப் படித்தார். "அந்த இணைவு இல்லாம, சும்மா கரண்ட் மட்டும் விட்டா, அந்த விசையை அளக்கற முள்ளு எவ்ளோ நகருதுங்க?"

"அவங்க ஆராய்ச்சிப் பேப்பர்ல அது போடலீங்க."

"அப்ப ஜாஸ்தியாச்சுனு எதை வெச்சு எழுதினீங்க?"

குரலில் கேலி இல்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. எனக்குக் கோபமோ வருத்தமோ வரவில்லை. மாலை வரை கோப்புகளைப் பார்த்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அஞ்சலகம் போனேன். அங்கே தபால் நிறுக்கும் தராசின் வெறும் தட்டைக் குனிந்து பார்த்தேன். முள் பூஜ்ஜியத்தில் நின்றது. கட்டுரையை வெளியிட வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை அதில் வைத்தேன்.