துத்தநாகத்தில் வெளுத்த சித்தி

போன வாரம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனேன். கைக்கு வந்ததைப் பார்த்தால்... யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு என் மீசையை ஒட்டிய மாதிரி இருக்கிறது.

"கலர் கொஞ்சம் ஏத்திருக்கேன் சார். ஃப்ரீதான்" என்றார் ஸ்டூடியோக்காரர். யார் கேட்டது?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் திமிர் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. தொண்ணூறுகளிலேயே பார்த்திருக்கிறேன்.

செட்டியார்பட்டியில் என் சித்தி வார்டு தேர்தலில் நின்றார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. நல்ல கறுப்பு. கட்சி கிடையாது, பணம் கிடையாது. ஊருக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான் பலம்.

அப்போதெல்லாம் நோட்டீசில் படம் வர பிளாக் செய்ய வேண்டும். துத்தநாகத் தகட்டில் படத்தைப் புள்ளிபுள்ளியாகப் பதித்து ஆசிட்டில் போடுவார்கள். ஆசிட் தின்றது போக மிஞ்சும் புள்ளிதான் மை பிடிக்கும். கூடுதல் நேரம் கிடந்தால் புள்ளி மெலியும், முகம் வெளுக்கும். பெண்கள் படம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பிளாக்காரர் கேட்காமலே கூடுதல் நேரம் போட்டுவிடுவார். வழக்கமாம்! கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எதை எடுத்தாலும் பெண்களெல்லாம் ஒரே வெளுப்பு.

சித்தி நோட்டீசோடு முதல் வீட்டுக்குப் போனார். வாங்கிப் பார்த்த அம்மாள் கேட்டார்: "ஏட்டி, நீ நிக்கன்னுல்ல சொன்னாவ? இது யாருக்கு ஓட்டுக் கேட்டு வந்திருக்க?"

சித்தி அடுத்த பஸ்ஸில் பிளாக்காரரிடம் போனார். நானும் போனேன்.

"செவப்பா இருந்தாத்தானக்கா எடுப்பா இருக்கும்?"

"எம்மூஞ்சிய எனக்குத் திருப்பிக் குடு தம்பி."

"ஆசிட் தின்னுருச்சுக்கா. இனி வராது."

மறுநாளோடு பிரசாரம் முடிகிறது. புது பிளாக்குக்கு நேரமில்லை. சித்தி நோட்டீசைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தபடி தெருத்தெருவாக நடந்தார். "கண்ணு மூக்க இதுல பாத்துக்கோங்க. நெறத்துக்கு என்னையப் பாத்துக்கோங்க."

ஜெயித்தார். நன்றி நோட்டீஸ் அடிக்கப் போனால், பிரஸ்காரர் அதே பிளாக்கை எடுத்து வைக்கிறார் — கைவசம் இருக்கிறதாம்! சித்தி அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "பேர மட்டும் போடு" என்றார். ஊரே ஓட்டுப் போட்ட முகம், நன்றி சொல்லும்போது இல்லை.

கறுப்பு என்ன அச்சுப்பிழையா, ஆளாளுக்குத் திருத்துவதற்கு? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஸ்டூடியோக்காரரிடம் என் நிறத்தைத் திருப்பித் தரச் சொன்னேன். கீபோர்டில் இரண்டே தட்டு, வந்துவிட்டது.

அதற்கு மட்டும் தனி சார்ஜாம்.