சீயஸின் வேடங்களும் ஹீத்ரோவில் வதனியும்

1992 அக்டோபர், செவ்வாய்க்கிழமை. லூயிஷாமில் நண்பர் வீட்டிலிருந்து சேரிங் கிராஸுக்கு ஏழு மைல். ரயிலில் போய்வர இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல். இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் ஓவியக் கூடம். கட்டணம் கிடையாது. மழைக்கு ஒதுங்கப் போனவன் தேவர்களின் காதலில் மாட்டிக்கொண்டேன்.

நீண்ட அறை முழுக்கக் கிரேக்கக் கடவுளர். கூரைக் கண்ணாடி வழியே பால்போல வெளிச்சம் இறங்கியது. வெள்ளைக் காளையின் முதுகில் ஒரு பெண், பாதித் தூக்கத்தில் இருப்பவள்போலக் கடலைக் கடந்துகொண்டிருந்தாள்.

"தமிழோ அண்ணை?"

மூலை நாற்காலியிலிருந்து காவலர் எழுந்து வந்தார். வழுக்கைத் தலை, பருத்த உடல். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் தயாபரன்.

"ஆமா, மதுரை. இந்த மாடு யாரு?"

"மாடில்லை, சீயஸ். தேவர்களுக்கு அரசன். அவள் ஐரோப்பா. அவளின்ர பேர்தான் இந்தக் கண்டத்துக்கே."

படம் படமாக அழைத்துப் போனார். லீடாவிடம் சீயஸ் அன்னமாகப் போனாராம். தகப்பன் பூட்டிவைத்த தனாயியிடம் பொன்மழையாக இறங்கினாராம். அல்க்மீனியிடம் அவள் கணவன் உருவிலேயே போனாராம்.

"அகலிகைகிட்ட இந்திரன் போன மாதிரி," என்றேன்.

தயாபரன் சிரித்தார். பிறகு குரல் தணிந்தது. "சீயஸுக்குத் திரும்பவும் பழைய உருவம் எடுக்க ஏலும் அண்ணை. எனக்கு ஏலாது."

வதனியோடு அவருக்கு நிச்சயமாகி ஏழு வருடம். அகதியாக வந்தவரால் ஊர் திரும்ப முடியவில்லை. இப்போது அவளுக்கு விசா கிடைத்து, வெள்ளிக்கிழமை வருகிறாள். இத்தனை காலமும் அவர் அனுப்பியதெல்லாம் தலை நிறைய முடியிருந்த காலத்துப் படங்கள்.

"ஒவ்வொரு முறையும் உண்மையை எழுதுவம் எண்டு நினைப்பன். எழுதேல்லை. நீங்களும் வாறியளோ? தனியப் போகப் பயமாக் கிடக்கு."

வெள்ளி, காலை எட்டு மணி. பாதாள ரயிலில் ஒரு மணி நேரம் போய் ஹீத்ரோ விமான நிலையத்தில் நின்றோம். வெளியே பனிமூட்டம். உள்ளே பயணிகள் வரும் கதவு திறக்கும்போதெல்லாம் மனிதர்கள் அதற்குள்ளிருந்து பிறந்து வருவதுபோல இருந்தது.

"அவள்தான்," என்று முணுமுணுத்தார். ஆனால் அசையவில்லை.

தலையைச் சால்வையால் மூடிய பெண் ஒவ்வொரு முகமாகத் தேடிவந்தாள். அவரையும் பார்த்தாள். கடந்து போனாள்.

தயாபரன் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் பத்தடி தாண்டிய பிறகுதான், "வதனி," என்றார்.

அவள் நின்றாள். "இந்தக் குரல் எனக்குத் தெரியும்," என்று திரும்பி வந்தாள்.

அவர் தலைகுனிந்தார். "படம் அனுப்பியிருக்க வேணும். பயந்திட்டன்."

அவள் சால்வையை இறக்கினாள். நெற்றியோரம் நரை. காதிலிருந்து கழுத்துவரை ஷெல் குண்டு கிழித்த வடு.

"நானும் பழைய படத்தைத்தானே அனுப்பினன்," என்றாள்.

மதுரையில் ஆண்டுதோறும் மீனாட்சி கல்யாணம் பார்க்கிறவன் நான். தெய்வங்களுக்கு வயதாவதில்லை. எனக்கு முன்னே இந்த இருவரும் அவள் கொண்டுவந்த ஒரே பெட்டிக்குக் கைநீட்டினார்கள். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, நடை ஒத்துவராமல் இடித்து இடித்து, ரயிலுக்குப் போனார்கள். நான் வேண்டுமென்றே பின்தங்கி, அடுத்த வண்டியில் ஏறினேன்.