பன்னிரண்டாம் அறையில் நான்கு நிமிடம்

சென்ற ஆண்டு ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணி. என் மனைவி ஸ்டெல்லா கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். தலையணை உறையைக் கையில் பிடித்தபடியே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். நான் கதவருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இட்லி இன்னும் அடுப்பில் ஏறவில்லை என்ற எரிச்சல் எனக்கு.

"கொஞ்சம் மூச்சு வாங்குதுங்க" என்றாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்கு அரை மணி நேரம் முன்புதான் நாங்கள் இருவரும் முழங்காலில் நின்று ஜெபித்திருந்தோம். அவள் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, இவளுடைய சோம்பலை எடுத்துப்போடும்." பக்கத்தில் நின்ற அவள் அதற்கும் ஆமென் சொன்னாள்.

சபையாரே, அந்தக் கொடிய ஜெபத்துக்குக் கர்த்தர் பதில் கொடுத்தார். நான் கேட்டதுபோல் அல்ல. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பலருக்குத் தெரியும். செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் முப்பது வருடம் பி.பி.ஏ. மாணவர்களுக்குப் பாடம் நடத்தினேன். என் பாடம் ஆப்பரேஷன்ஸ் மேனேஜ்மென்ட். ஒரு வேலையை எப்படி ஒழுங்கு செய்வது, எங்கே தாமதம், அதை எப்படிக் குறைப்பது என்று கற்றுத்தரும் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் வேதபாடம் வாசித்தேன். மற்ற நாட்களில் பிள்ளைகளை அழவைத்தேன். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். நான் உதவித்தொகையில், விடுதிச் சோற்றில் படித்து மேலே வந்தவன். என்னைப் போன்ற வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளிடம்தான் நான் மிகக் கடுமையாக நடந்துகொண்டேன். அவர்களைப் பார்த்தால் என் பழைய சட்டையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அந்த ஜூன் மாதத்துக்கு ஏழு வருடங்களுக்கு முன், இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு நேர ஆய்வு ஒன்று செய்துவரச் சொன்னேன். ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் அதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறிக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாக மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ வரும் அளவுகளைச் சுழித்து நீக்கிவிட்டு, மீதிக்குச் சராசரி எடுக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள முறை அது. மற்ற பிள்ளைகள் ஜூஸ் கடை, ஜெராக்ஸ் கடை என்று எழுதி வந்தார்கள்.

நெம்மேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலையை எடுத்திருந்தாள். தாழ்வாரத்தில் நின்று நேரம் பார்க்க சூப்பர்வைசர் அனுமதித்தாராம். அதற்குப் பதிலாக அவள் அழுக்குத் துணி மூட்டைகளைச் சுமக்க வேண்டும். ஒரே தொழிலாளி, ஒரே நாள், பதினான்கு அறைகள். முதல் அறைக்கு இருபத்து நான்கு நிமிடம். ஆறாம் அறை வரை ஏறத்தாழ அப்படியே. பத்தாம் அறை முப்பத்து மூன்று. பன்னிரண்டாவது முப்பத்து எட்டு. பதினான்காவது நாற்பத்து ஏழு. எதையும் அவள் சுழித்து நீக்கவில்லை.

அவளை எழுப்பி நிற்கவைத்தேன். குறிப்பு என்று இருந்த கட்டத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

"பன்னிரண்டாம் அறை. தொழிலாளி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நான்கு நிமிடம்."

"தொழிலாளி யாரும்மா?"

"எங்க அம்மா சார்."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

"கெஸ்ட் கட்டில்லயா உட்கார்ந்தாங்க? ஏசி போட்டுக்கிட்டாங்களா? டிவி பார்த்தாங்களா?"

பின்வரிசையில் ஒருவன், "ரூம் சர்வீஸ் சொல்லிருப்பாங்க சார்" என்றான். அவனை நான் அதட்டவில்லை. நானும் சிரித்தேன்.

"இந்த அளவையெல்லாம் ஏன் நீக்கலை?"

"அதுவும் நடந்துச்சே சார்."

எதிர்த்துப் பேசுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. "இருபத்து நாலுல ஆரம்பிச்ச ஆளு நாற்பத்து ஏழுல முடிக்க முடியாது. ஒண்ணு நீ பொய்யா எழுதியிருக்கணும், இல்லைன்னா உங்க அம்மா சோம்பேறியா இருக்கணும். எது? அந்த ரிசார்ட் மேனேஜர் எனக்குத் தெரிஞ்சவர்தான். கேட்டுடட்டுமா?"

அவள் கை மேசையைப் பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் சார் பொய்யா எழுதிட்டேன்."

அந்தத் தாளில் அந்த அளவுகளைச் சிவப்பு மையால் சுழித்தேன். கற்பனை என்று எழுதினேன். பொய்க் கணக்குக் கொடுத்ததாக இன்டர்னல் மதிப்பெண்ணில் பூஜ்யம் போட்டேன். இன்டர்னல் ஒருமுறை பதிவானால் பதிவானதுதான். எத்தனை முறை அரியர் எழுதினாலும் அந்தப் பூஜ்யம் கூடவே வந்து தேர்ச்சியைத் தடுக்கும். அது தெரிந்தேதான் போட்டேன். அதன் பிறகு அவளை மறந்துபோனேன்.

இப்போது அந்த ஜூன் மாதக் காலைக்கு வருகிறேன்.

ஸ்டெல்லாவைத் திட்ட வாயைத் திறந்தேன். தொழிலாளி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார், நான்கு நிமிடம் என்ற வரி எங்கிருந்தோ வந்து முன்னால் நின்றது. யாரோ வாசிப்பதுபோல் கேட்டது. ஏழு வருடமாக நான் நினைத்தே பார்க்காத வரி. ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பாதம் வீங்கி, வீட்டுச் செருப்பின் வார் சதையில் புதைந்திருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ.

ஆட்டோ பிடித்து செங்கல்பட்டில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இதய வால்வு சுருங்கி, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று இளம் டாக்டர் ஒருவர் கேட்டார். எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. காப்பி தாமதமாகும் ஒவ்வொரு நாளையும் நான் காலண்டரில் குறித்து வைத்திருந்தேன், சண்டைக்கு ஆதாரமாக. ஏப்ரலில் பத்து நிமிடம். மே மாதம் இருபது. ஜூனில் நாற்பது. மாடிப்படியில் ஒருமுறை நின்றவள், பிறகு மூன்று முறை நின்றாள். ஒப்பித்தேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவையும் பார்த்துக்கிட்டேவா சார் இருந்தீங்க?"



"இன்னும் ரெண்டு நாள் வீட்ல வச்சிருந்தா கொண்டுவந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது" என்றார்.

சென்னைக்கு அனுப்பினார்கள். அறுவை சிகிச்சை நடந்த அன்று வாசலில் இருந்த இரும்பு நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஜெபிக்கிற அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "அவளை விட்டுவிடும். நான் அந்தப் பெண்ணைத் தேடிப் போகிறேன்" என்று மட்டும் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். ஸ்டெல்லா பிழைத்தாள். கண் விழித்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?"

ஆகஸ்டில் நெம்மேலிக்குப் போனேன். பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து பெயரையும் ஊரையும் எடுத்துக்கொண்டேன். சாலையோரம் ஒரு ஆட்டோக்காரரிடம் விசாரித்தேன்.

"அதுவா? டூட்டில கீது. நாலு மணிக்கு ரிசார்ட் கேட்டாண்ட வரும். நீங்க இன்னா வோணும் அதுக்கு?"

"நான் காலேஜ்ல அவங்க வாத்தியார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆப்பரேஷன் பாடமா? அஞ்சு தபா எழுதிச்சே, அதா? நாங்க அது டாக்டருக்குப் படிக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கெடந்தோம் சார்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "நல்லா படிக்கிற பொண்ணு சார் அது" என்றார்.

நாலு மணிக்கு அவள் வந்தாள். சாம்பல் நிறச் சீருடை. அம்மா பார்த்த அதே வேலை, அதே மாடி. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கேட்டுக்கு வெளியே இருந்த சிமெண்ட் திண்டில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லா கட்டிலில் உட்கார்ந்தது, அந்த வரி ஞாபகம் வந்தது, டாக்டர் சொன்னது.

"உங்க வூட்டம்மா பொழச்சிட்டாங்களா சார்?"

"பிழைச்சிட்டாங்கம்மா."

"சந்தோஷம் சார். எங்க அம்மா இல்ல."

வகுப்பில் நான் அவளை நிற்கவைத்த அன்று மாலை, அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "அம்மா, ரூம்ல உக்காராத. எங்க சாருக்கு மேனேஜரத் தெரியும்." அந்த அம்மாவுக்கும் இதயத்தில்தான் கோளாறு. யாருக்கும் தெரியாது.

"அன்னிலேர்ந்து அம்மா உக்காரவே இல்ல சார். மூணு மாசம். பதிமூணாவது ரூம்ல பெட்ஷீட் விரிச்சிகினு இருக்கசொல்லோ நின்னாப்பலயே சாய்ஞ்சிட்டாங்க. அப்பவும் கட்டில் மேல விழல. தரையிலதான் விழுந்தாங்க."

சபையாரே, இனி சொல்லப்போவதை என் மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். எனக்கு அந்த மேனேஜரைத் தெரியாது. அந்த ரிசார்ட்டில் ஒருவரையும் தெரியாது. வகுப்பு சிரித்துக்கொண்டிருந்த தைரியத்தில் வாயில் வந்த பொய் அது. அன்றைக்கு அந்த வகுப்பில் பொய் சொன்னவன் நான் ஒருவன்தான்.

சாலையில் மாமல்லபுரத்துப் பேருந்து ஒன்று நிற்காமல் போனது.

"தெரியாதா?" என்றாள். "தெரியும்னு நெனச்சிகினே செத்துப்போச்சு சார் எங்க அம்மா."

மன்னித்துவிடு என்று கேட்டேன். கை கூப்பினேன்.

"வோணாம் சார். அத நான் குடுத்தா நீங்க நிம்மதியா வூட்டுக்குப் போயிடுவீங்க. தர முடியாது."

கல்லூரிக்கு எழுதி அந்தப் பூஜ்யத்தை மாற்றச் சொல்கிறேன் என்றேன்.

"இப்ப அத வச்சிகினு இன்னா பண்ண? பெட்ஷீட் மாத்தறதுக்கு டிகிரி கேக்கறாங்களா?"

இருந்தாலும் எழுதினேன். என் தவறு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்பினேன். முடிந்துபோன பதிவைத் திறக்க விதியில்லை என்று பதில் வந்தது. அந்த விதியை மற்ற பிள்ளைகளிடம் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் அவள் ஒன்று கேட்டாள். "நீங்க சர்ச்சுல பேசற ஆளுதானே? சாட்சி சொல்லுவீங்கல்ல? உங்க வூட்டம்மா பொழச்சத சொல்லுங்க. எப்பிடிப் பொழச்சாங்கன்றதயும் சேர்த்து சொல்லுங்க. என் பேரு வோணாம். எங்க அம்மா பேரப் போடணும்."

போனில் ஒரு படம் அனுப்பினாள். அந்தத் தாளின் படம், என் சிவப்புச் சுழிகளோடு. "அம்மாவப் பத்தி எழுதுனதுன்னு இது ஒண்ணுதான் கீது சார்" என்றாள். ஷேர் ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அவள் என்னை மன்னிக்கவில்லை என்பதற்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். மன்னித்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என் குணம் எனக்குத் தெரியும்.

காலண்டரைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது காப்பி போடுவது நான். ஸ்டெல்லா கட்டிலில் உட்கார்ந்து குடிக்கிறாள். அவளுக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தம்மா பேரைச் சொல்லி ஜெபியுங்க" என்றாள். தினமும் ஜெபிக்கிறோம்.

உங்கள் வீட்டில் ஒருவர் மெதுவாகிறார் என்றால், உங்களிடம் வேலை செய்கிற ஒருவர் வேலைக்கு நடுவே உட்கார்கிறார் என்றால், அதைச் சுழித்து நீக்காதீர்கள். அருகே போய் முகத்தைப் பாருங்கள். கர்த்தர் அந்த உட்காருதலின் வழியாகவே பேசக்கூடும். என்னிடம் இரண்டு முறை பேசினார். முதல் முறை நான் சிவப்பு மையை எடுத்தேன். அப்படிப்பட்டவனிடமும் அவர் இரண்டாம் முறை பேசினார் என்றால், உங்களிடம் பேசமாட்டாரா? அவரை நம்பிக் காதைத் திறந்து வையுங்கள்.

அவள் கேட்டபடி அந்தத் தாளை இங்கே எழுதுகிறேன். தொழிலாளியின் பெயர் என்ற கட்டத்தை அன்று நான் பார்க்கவே இல்லை. அவள் அதை அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தாள்.

தொழிலாளியின் பெயர்: ஞானசுந்தரி. வேலை: அறை சுத்தம் செய்தல். முதல் அறை, இருபத்து நான்கு நிமிடம். ஆறாம் அறை வரை ஏறத்தாழ அப்படியே. பத்தாம் அறை, முப்பத்து மூன்று நிமிடம். பன்னிரண்டாம் அறை, முப்பத்து எட்டு நிமிடம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார், நான்கு நிமிடம். பதினான்காம் அறை, நாற்பத்து ஏழு நிமிடம். வேலையை முடித்தார்.

எல்லாம் நடந்தது. ஒன்றையும் நீக்கவில்லை. ஆமென்.