விடிஞ்சிருச்சு, எந்திரி

மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு வந்து ஆறு வருஷமாகியும் எனக்குப் பழகாதது ஒன்று உண்டென்றால், அது இந்த ஊர்க் காலைதான். இங்கே ஏழு மணி தாண்டித்தான் வெளிச்சம் வரும். பள்ளிக்கூட வேனோ ஆறரைக்கே வாசலுக்கு வந்துவிடும். ஆகவே நாங்கள் இருக்கும் லூனாஸில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலெல்லாம் கும்மிருட்டில் விளக்கு எரியும், குளியலறையில் தண்ணீர் விழும், யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு மகளின் அறைக்குப் போய், "மது, விடிஞ்சிருச்சு, எந்திரி" என்பேன். கோவில்பட்டியில் என் அம்மா என்னை எழுப்பிய அதே சொல், அதே குரல். அங்கே அப்படி எழுப்பும்போது ஜன்னலில் வெயில் இருக்கும். இங்கே தெருவிளக்கு ஒன்றும், அதற்கு அப்பால் செம்பனைத் தோட்டத்து இருட்டும்தான். எண்ணெய்ப்பனைக்கு இந்த ஊர்த் தமிழர் வைத்திருக்கும் பெயர் அது. மது ஒருநாளும் அந்த இருட்டைப் பற்றிக் கேட்டதில்லை. எழுந்து பல் தேய்க்கப் போய்விடுவாள்.

வேன் ஓட்டுவது மகேஸ் அக்கா. பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்; தோட்டம் கைமாறிய பிறகு லூனாஸுக்குக் குடிவந்த குடும்பம். ஹாரன் அடிக்கமாட்டார், விளக்கை இரண்டு தரம் சிமிட்டுவார். பிள்ளை ஏறும்போது, "பசியாறிட்டியாம்மா?" என்பார். வந்த புதிதில் எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன பிள்ளையைப் பட்டினி போட்டா அனுப்புகிறேன்? நம்மூரில் "சாப்பிட்டாச்சா" என்பதைப் போல அதுவும் ஒரு நலம் விசாரிப்பு என்பது புரிவதற்குள் பல மாதம் அவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. தமிழ் பேசுகிறவர்களிடமே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

என் கணவர் கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் பொறியாளர். வேலை அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்துத்தான் இங்கே இருக்கிறோம். அடுத்த முறை கிடைக்குமா என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. மலாய் தெரியாத எட்டு வயதுப் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்ப நாங்களே பயந்து, சுங்கை பட்டாணியில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தோம். இங்கிலாந்துப் பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகவும் நடத்துகிறார்கள். இரண்டு வருஷப் படிப்பு. மது இந்த வருஷம்தான் அதைத் தொடங்கினாள்.

தொடங்கிய முதல் வாரமே பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பிள்ளை தப்புச் செய்தால்தானே நம்மூரில் கூப்பிடுவார்கள்? போனால் காப்பி, பிஸ்கட். ஆங்கில ஆசிரியை லிம் டீச்சர் எழுந்து நின்று, பிள்ளைகளுக்கு நாம் எப்படி உதவ வேண்டும் என்று சொன்னார். நன்றாகத் தூங்க விடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்காதீர்கள், மார்க் எவ்வளவு என்று கேட்பதற்குப் பதில் இன்றைக்கு எது பிடித்தது என்று கேளுங்கள். நான் கையைத் தூக்கி, "போர்ஷன் எப்போது முடியும்? முக்கியமான கேள்விகளை எப்போது கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். "இங்கே அப்படி எதுவும் கிடையாது, புவான்" என்றார் அவர். புவான் என்பது மலாயில் அம்மையார். மரியாதைதான், ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருக்கும், தர மனசில்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அவர் சொன்னதைச் செய்து பார்க்காமலும் இல்லை. மறுநாள் மது வந்ததும், "இன்னிக்கு ஸ்கூல்ல எது பிடிச்சதுட்டி?" என்றேன்.

அவள் பையைக் கழற்றாமலே என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஏம்மா, ஒடம்புக்கு முடியலையா?"

மகேஸ் அக்காவிடம் புலம்பினேன். அவர் மகள் அரசுப் பள்ளியில் நான்காம் படிவம், பாரம் ஃபோர் என்பார்கள்; நம்மூர்ப் பத்தாம் வகுப்பு மாதிரி. அடுத்த வருஷம் எஸ்.பி.எம். என்கிற பெரிய பரீட்சை. "பாரம் ஃபோர்னா ஹனிமூன் இயர் லா, இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. பிள்ளைங்க கொஞ்சம் மூச்சு விடட்டும். நீங்க ரொம்ப டென்ஷன் ஆவுறீங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் பத்தாம் வகுப்பு வந்த அன்றைக்கே கேபிள் டிவியை வெட்டிவிடுகிற ஊர்க்காரர்கள். அந்த வருஷம் தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் பிள்ளையைக் கூட்டிப்போகமாட்டார்கள்; யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். "டென்த்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொந்தக்காரர்கள் குரலைத் தணித்துக்கொள்வார்கள். அப்படி வளர்ந்தவளிடம் வந்து ஹனிமூன் என்றால்?

கல்யாணத்துக்கு முன் நான் கோவில்பட்டியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவள். அங்கே கட்டுரை என்றால், நான் கரும்பலகையில் எழுதுவேன், பிள்ளைகள் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து பரீட்சையில் அப்படியே இறக்கிவைக்கும். ஒரு காற்புள்ளி மாறாமல் எழுதிய பிள்ளைக்கு முழு மார்க். அது திருட்டென்று அங்கே யாரும் சொன்னதில்லை. அதற்குப் பெயர் படிப்பு. எனக்குத் தெரிந்த உதவி அது ஒன்றுதான், ஆகவே அதைச் செய்தேன். மதுவின் ஆங்கிலப் பாடத்தில் பாதி மார்க், பிள்ளை வருஷத்துக்குள் எழுதித் தருகிற சில கட்டுரைகளுக்கு. கோர்ஸ்வொர்க் என்கிறார்கள். முதல் கட்டுரைக்கு ஒரு திருவிழாவை வர்ணிக்கச் சொன்னதாக மது வந்து சொன்னதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் ஊர்த் தேரை எழுதினேன். கூட்டம், நாதஸ்வரம், நீர்மோர், வடம் பிடிக்கிற கைகள். மூன்று நாள் ஒப்பிக்க வைத்தேன். பள்ளியில் போய், எதையும் பார்க்காமல், ஒரு வரி பிசகாமல் எழுதிவிட்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கேசரி கிண்டினேன்.

மறுவாரம் என்னையும் மதுவையும் கூப்பிட்டார்கள். இந்த முறை காப்பி இல்லை. லிம் டீச்சர் கட்டுரையை முன்னால் வைத்துக்கொண்டு மதுவிடம் மெதுவாகக் கேட்டார்: "வடம் பிடித்து இழுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். இழுத்து முடித்த பிறகு உன் கை எப்படி இருந்தது?"

மது தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "தெரியாது டீச்சர். நான் அந்தத் தேரைப் பார்த்ததே இல்லை."

"அப்படியானால் யார் பார்த்தது?"

"அம்மா."

நான் பேசினேன். நோட்டைப் பார்க்காமல்தானே எழுதினாள், அத்தனை வரியையும் தலையில் வைத்திருந்தது அவள்தானே, அந்த உழைப்பு அவளுடையது இல்லையா என்று கேட்டேன். லிம் டீச்சர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. நான் எதைக் கேட்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை. அவருக்கு ஏன் புரியவில்லை என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் நல்ல ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

தலைமையாசிரியர் முடிவைச் சொன்னார். அந்தக் கட்டுரை செல்லாது. மாதக் கடைசியில் பள்ளியிலேயே, டீச்சர் கண்ணெதிரே, புதிதாக ஒன்று எழுத வேண்டும். தனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைப் பற்றி, தன் சொந்த வார்த்தையில். அதுவும் அவளுடையதாக இல்லையென்றால் ஆங்கிலத் தேர்வுக்கு அவள் பெயரைக் கொடுக்கமாட்டார்கள். ஆங்கிலம் இல்லாமல் இங்கே எந்தக் கல்லூரியும் இல்லை. நம்மூரில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ப்பதும் சந்தேகம். எங்கள் அனுமதிச் சீட்டு முடிவதற்குள் இதையெல்லாம் முடித்தாக வேண்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற வசதி எங்களுக்குக் கிடையாது. பத்தாம் வகுப்பில் மாவட்டத்தில் பேர் வாங்கியவள் நான். என் மகள் என்னால் நடுத்தெருவில் நின்றாள்.

அன்றிலிருந்து மது பள்ளி விட்டு வந்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். ஒரு வரிகூட நகராது. ஒருநாள் தேநீர் கொண்டுபோனபோது தலையைத் தூக்காமலே கேட்டாள்: "சொந்தமா எழுதணும்ங்கறாங்க. எனக்குச் சொந்தமா என்னம்மா இருக்கு? அங்க நடந்ததெல்லாம் உங்களோடது. இங்க நடக்கறதெல்லாம் இவங்களோடது."

தேநீரை வைத்துவிட்டு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பாடாங் செராய் அம்மன் கோவிலில் போய் விளக்குப் போட்டேன். வெட்கத்தை விட்டு லிம் டீச்சருக்குப் போன் செய்து, நான் எழுதித் தரமாட்டேன், நாலு பாயிண்ட் மட்டும் சொல்லிக்கொடுக்கலாமா என்று கெஞ்சினேன். "வேண்டாம் புவான். அவளுக்கு எதுவுமே கொடுக்காதீர்கள்" என்றார். பெற்ற பிள்ளைக்கு எதுவும் கொடுக்காதே என்கிறார்கள், அதற்கு உதவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு தாய் கையைக் கட்டிக்கொண்டு எப்படி இருப்பாள்? சமையலறையில் நின்றபடியே அவளுக்காக நூறு முதல் வரிகளை மனசுக்குள் எழுதி எழுதி அழித்தேன்.

கோவில்பட்டியில் இருக்கும் என் தங்கை, "பேசாம பிள்ளையக் கூட்டிட்டு இங்க வந்துரு, பாத்துக்கிடலாம்" என்றாள். அன்று சாப்பிடும்போது என் கணவரும் அதையே சொன்னார். ரசத்தை விட்டுப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "ஊருக்கே போயிருவோமா?" என்றார்.

அறைக்குள்ளிருந்து மது கேட்டாள்: "எந்த ஊருக்குப்பா?"

அவள் குத்திக்காட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. பிசைந்த சோற்றை அவர் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

எழுதும் நாள் வந்தது. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மத்தியானம் நானும் மகேஸ் அக்காவோடு வேனில் ஏறிப் போனேன். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். அக்கா உருளைக்கிழங்கு மசால் வைத்துப் பொரித்த கரிபாப் ஒன்றை என் பக்கம் நீட்டினார். கையில் வாங்கினேன், வாய்க்குப் போகவில்லை.

"நீங்க ஏன் இப்படி நடுங்கறீங்க? பிள்ளதானே எழுதுது" என்றார்.

"அதாங்க்கா பயமா இருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் இருவரும் இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்ளாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மது வந்து பின்சீட்டில் ஏறினாள். எழுதினாயா என்றேன். "ம்" என்றாள். எத்தனை பக்கம் என்று கேட்கப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "எதப் பத்தி எழுதுன?"

"வேனப் பத்தி."

"என் வேனா?" என்று அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தார். "ஏர்கோன் வேலை செய்யலன்னு எழுதலையே?"

"அதத்தான் ஆண்ட்டி மொதல்ல எழுதுனேன்" என்றாள் மது. இருவரும் சிரித்தார்கள். ஒரு மாதம் கழித்து அவள் சிரிப்பைக் கேட்கிறேன், அதுவும் இன்னொருவரோடு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சில நாள் கழித்து லிம் டீச்சர் என்னை மட்டும் கூப்பிட்டார். "இது அவளுடையது. ஏற்றுக்கொண்டோம்" என்று சொல்லி, படித்துப் பார்க்கக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து கும்பிடாத குறையாக வாங்கினேன். எளிய ஆங்கிலம். இரண்டாவது வரியிலேயே ஒரு பிழை. பழக்க தோஷம், கை பேனாவைத் தேடியது. வேனில் வருகிற ஒவ்வொருவரையும், ஓடாத ஏ.சி.யையும், ஆலைப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ்களையும் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு இப்படி எழுதியிருந்தாள், எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்:

'என் அம்மா தினமும் இருட்டில் என்னை எழுப்பி, விடிந்துவிட்டது என்கிறாள். வெளியே விடிந்திருக்காது. அவளுடைய ஊரில் விடிந்திருக்கும், அதைத்தான் சொல்கிறாள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் அங்கே இராத்திரி மூன்று மணி. சித்தி தூங்கிக்கொண்டிருப்பாள். அப்படியானால் அம்மாவுக்கு எந்த ஊரில் விடிகிறது? கேட்டால் அழுவாள் என்று நான் கேட்பதில்லை. எழுந்து வேனில் ஏறிவிடுகிறேன். பாடாங் செராய் தாண்டும்போது செம்பனைகளுக்கு மேலே வெளிச்சம் வருகிறது. தினமும் அதைப் பார்க்கிறேன். அப்போது அம்மா என்னோடு இருப்பதில்லை.'

நன்றாக இருக்கிறதல்லவா என்றார் லிம் டீச்சர். இருக்கிறது என்றேன். என் பிள்ளை தப்பித்துவிட்டாள். தாளை உடனே திருப்பிக் கொடுக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததை அவர் சந்தோஷம் என்று நினைத்திருப்பார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் இட்லித் தட்டை ஏற்றிவிட்டு அவள் அறை வாசலுக்குப் போனேன். வாய் தானாகத் திறந்தது, சொல் வரவில்லை. வேறு எப்படி எழுப்புவது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வேன் வந்துவிட்டது. விளக்கு இரண்டு தரம் சிமிட்டி அவள் சுவரில் விழுந்து மறைந்தது.

அவள் ஏற்கெனவே விழித்துத்தான் படுத்திருந்தாள். போர்வைக்குள்ளிருந்து, "சொல்லும்மா, எந்திரிக்கிறேன்" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே இருட்டு. கோவில்பட்டியிலும் இருட்டு.

"விடிஞ்சிருச்சு, எந்திரி" என்றேன்.