எதிர்ப்பக்கக் குழாய்

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், செத்துப்போன ஒருவர் தினமும் சுற்றுகிறார் என்று பேச்சு. கிளப்பிவிட்டது பக்கத்துத் தையல்கடை. அங்கே சட்டை தாமதமாகும், வதந்தி ஒருநாளும் தாமதமாகாது. இயந்திரத்தைச் சரிபார்க்க வந்த மெக்கானிக், அப்படியே இதையும் பார்த்துவிடுவோம் என்று நுழைந்தார்.

உள்ளே லேப் அக்கா மட்டும். தெருவில் பாதிப் பேரின் சர்க்கரையும் கொழுப்பும் அவருக்குத் தெரியும், மூச்சு விடமாட்டார். மேசைமேல் ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் இயந்திரம். வேகம் ஒரே சீர்தான். ஆனாலும் உள்ளிருப்பதெல்லாம் ஒவ்வொரு கணமும் நேராக ஓடித் தப்பப் பார்க்கும். நடுவை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் வட்டம். எதிரெதிரே எடையும் ஒத்திருக்க வேண்டும். ரத்தமுள்ள ஒரு சோதனைக் குழாய்க்கு ஜோடி இல்லையென்றால் எதிரில் தண்ணீர் நிரப்பிய குழாய் வைப்பார்கள்.

மெக்கானிக் மூடியின் கண்ணாடி வழியே பார்த்தார். குழாய்களின் பெயர்ச்சீட்டுகள் சுழற்சியில் கரைந்து ஒரே வெள்ளை வளையமாகியிருந்தன.

"உள்ள யாருக்கா சுத்துறது?"

"எங்க வீட்டுக்காரர்."

மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

"பயப்படாதீங்க தம்பி, வெறும் தண்ணி. அன்னிக்கு அவருக்குச் சர்க்கரை பார்க்கலாம்னு உக்கார வச்சேன். குழாய்ல பேரெல்லாம் எழுதி ஒட்டியாச்சு. ஊசியைப் பார்த்ததும், 'ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்'னு எந்திரிச்சார்."

"அப்புறம்?"

"இன்னும் குடிக்கிறார் போல."

ஆக, தையல்கடைப் பேச்சில் பாதி தப்பு. அவர் செத்ததை யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்ததையும்தான்.

"தினம் காலைல தண்ணி கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ஊத்தி வைப்பேன்" என்றார் அக்கா. மெக்கானிக் இயந்திரத்தை நிறுத்தி அந்தக் குழாயை எடுத்துப் பார்த்தார். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

"இவர் இல்லன்னா மிஷின் மேசைய விட்டே எறங்கிடும், தம்பி. அதனாலதான் வச்சிருக்கேன்."

தொழில் புத்தி சும்மா இருக்குமா? வேறொரு குழாயில் அதே எடைக்குத் தண்ணீர் பிடித்து, கணவரின் குழாய் இருந்த இடத்தில் செருகி ஓட்டிக் காட்டினார். மேசைமேல் இருந்த டம்ளர் தண்ணீரில் ஒரு நெளிவுகூட இல்லை.

"எடை சரியா இருந்தா போதும்க்கா. யார் இருந்தாலும் ஓடும்."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா குனிந்து அந்த வெள்ளை வளையத்தைப் பார்த்தார். "அப்போ அவரா சுத்தல. நாந்தான் விடாம பிடிச்சு வச்சிருக்கேன்."

பிறகு கணவரின் குழாயைத் திறந்து தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். துடைத்து, குழாய்களை நிறுத்தும் தாங்கியின் முதல் துளையில், பெயர் வாசலைப் பார்க்க நிறுத்தினார். பக்கத்தில் பிரிக்காத ஊசி ஒன்று.

"தண்ணியெல்லாம் போதும். வந்து ரத்தமாவே குடுக்கட்டும்."

மெக்கானிக் எதிர்க் கடையில் போய் டீ சொன்னார். பெஞ்சின் ஓரத்தில் ஒரு கிளாஸ் நிறைய டீ, ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஆளில்லை.

"யாரோடதுண்ணே இது?"

"இப்ப வந்துடுவார்" என்றார் கடைக்காரர், பாலை ஆற்றிக்கொண்டே.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். தெருவுக்கு அந்தப் பக்கம், திறந்த கதவுக்கு நேராக, காலிக் குழாய் நின்றது. ஒரு குழாய் ரத்தம் பாக்கி.